எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் பணம் இல்லை? மாநகராட்சி பட்ஜெட் கேள்வி–பதில்

மாநகராட்சி பட்ஜெட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பதினொன்றுக்கு, நகராட்சிக் கணக்கும் பொறியியல் பிரிவின் நடைமுறையும் அறிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

சென்னை மாநகராட்சி பட்ஜெட் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று படித்தேன். எங்கள் தெருவுக்கு ரோடு போட மட்டும் நிதி இல்லை என்கிறார்கள். எப்படி நம்புவது?
— வாசகி, பெரம்பூர்

அந்தப் பெரிய தொகையை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். 2025–26 பட்ஜெட்டில் வருவாய்ச் செலவு சுமார் 5,214 கோடி ரூபாய், மூலதனச் செலவு சுமார் 3,190 கோடி. இரண்டும் சேர்ந்ததுதான் செய்தித்தாளில் வந்த எண். வருவாய்ச் செலவு என்பது வீட்டு மாதச் செலவு மாதிரி: சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளும் ஒப்பந்தக் கட்டணம், தெருவிளக்கின் கரண்ட் பில், கடனுக்கான வட்டி, பழுதுபார்ப்பு. மூலதனச் செலவில் புதிய ரோடு, மழைநீர் வடிகால், பாலம், பள்ளிக் கட்டடம் வரும்.

அதே ஆண்டு வருவாய் வரவு சுமார் 5,145 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதாவது சொத்து வரி, தொழில் வரி, முத்திரைத் தீர்வையில் வரும் பங்கு, மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் வந்து சேர்ந்தாலும் அன்றாடச் செலவுக்கே கிட்டத்தட்ட 69 கோடி குறைகிறது. கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிற குடும்பம் மிச்சம் பிடித்து மாடி கட்ட முடியாது. மாநகராட்சியும் அதே நிலையில்தான் இருக்கிறது. புதிய வேலைக்கான பணம் மானியமாகவோ கடனாகவோ வெளியிலிருந்து வர வேண்டும். அப்படி வரும் ஒவ்வொரு ரூபாயிலும் பெயர் எழுதியிருக்கும். கொசஸ்தலையாறு வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி தந்த கடனை எடுத்து உங்கள் தெருவில் தார் போட முடியாது. தூய்மை இந்தியா திட்டத்தில் பழைய குப்பை மேட்டை அகற்ற வந்த பணம் அதற்கு மட்டும்தான்.

ஆகவே "நிதி இல்லை" என்று யாராவது சொன்னால், "எந்தச் செலவுத் தலைப்பில் இல்லை?" என்று கேளுங்கள். உட்புறச் சாலைத் தலைப்பில் இந்த ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதா, உங்கள் தெருவுக்கு மதிப்பீடே தயாரிக்கவில்லையா என்பது அப்போதுதான் வெளியே வரும். பல தெருக்களில் இரண்டாவதுதான் உண்மை.

சம்பளம், வட்டி எல்லாம் போக மீதியில் எதை முதலில் வெட்டுவார்கள்?
— வாசகர், வேலூர்

பராமரிப்பை. இதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளத்தை ஒரு மாதம் நிறுத்தினால் வேலைநிறுத்தம் வரும். கரண்ட் பில் கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். கடன் தவணை தவறினால் அடுத்த கடன் வராது. மோட்டாருக்கு கிரீஸ் போடாமல் விட்டால், வடிகாலில் மண் அள்ளாமல் விட்டால் அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய பில்லும் கடைசியில்தான் நிற்கும். பில் ஆறு மாதம் நின்ற ஊரில் அடுத்த டெண்டருக்கு ஆள் வருவதில்லை, வருபவரும் தாமதத்துக்கான வட்டியைச் சேர்த்தே விலை போடுகிறார்.

மதுரையில் பட்ஜெட் செய்தி வரும்போது வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி என்று மூன்றாகப் போடுகிறார்கள். ஒன்றில் உபரி இருந்தால் இன்னொன்றுக்கு எடுக்கலாம் அல்லவா?
— வாசகர், மதுரை

சென்னை தவிர்த்த தமிழக மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மூன்று கணக்குகள் தனித்தனி: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. நீங்கள் கட்டும் சொத்து வரி ஒரே ரசீதாக இருந்தாலும், உள்ளே போனதும் பங்கு பிரிந்து இந்த மூன்று கணக்குகளுக்கும் போகிறது. குடிநீர்க் கட்டணமும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் நேரே இரண்டாவது கணக்கில் சேரும்.

தற்காலிகமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்று எடுப்பது உண்டு. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும், தணிக்கையில் எழுதுவார்கள். ஆண்டுக்கணக்கில் திருப்பாமல் விடுவதுதான் ஆபத்து. கல்வி நிதியில் காகிதத்தில் உபரி தெரியும், பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு போடக் கேட்டால் வங்கிக் கணக்கில் பணம் இருக்காது. உங்கள் ஊர் பட்ஜெட் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நிதிகளுக்கு இடையிலான கடன் நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். உபரி என்று வாசித்த தொகை நிஜமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் பொறுப்பே அல்ல. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை குடிநீர் வாரியத்திடம் உள்ளன. பேருந்து, மின்சாரம், காவல், தீயணைப்பு எதுவும் ரிப்பன் மாளிகையின் பட்ஜெட்டில் வராது. மாநகராட்சி பட்ஜெட்டில் குடிநீருக்கு ஏன் ஒதுக்கவில்லை என்று சென்னைவாசிகள் பலர் எழுதியிருந்தார்கள், அவர்களுக்கும் இதுவே பதில்.

எது முதலில் என்று உண்மையில் யார் முடிவு செய்கிறார்? மேயரா, ஆணையரா?
— வாசகர், திருநெல்வேலி

மன்றம்தான் பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது, மேயர் அறிவிப்புகளை வாசிக்கிறார், ஆணையர் நிர்வாகத் தலைவர். ஆனால் பட்ஜெட் உருவாகும் வரிசையைப் பார்த்தால், முன்னுரிமையின் பெரும்பகுதி மார்ச் மாதக் கூட்டத்துக்கு நான்கைந்து மாதம் முன்பே வார்டு பொறியாளரின் மேசையில் தீர்மானமாகிவிடுவது தெரியும்.

பொதுவாக நடைமுறை இப்படி. மழைக்காலத்தை ஒட்டி கணக்குப் பிரிவு எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பும். வார்டு உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், மின்பிரிவு ஆகியோர் தேவைப்பட்டியல் தருவார்கள். அது மண்டல அலுவலகத்தில் சேர்ந்து தலைமைப் பொறியாளரிடம் போகும். கணக்குப் பிரிவு இன்னொரு பக்கம் வரவை மதிப்பிட்டு, தவிர்க்க முடியாத செலவுகளைக் கழித்து, ஒவ்வொரு துறைக்கும் ஓர் உச்சவரம்பு சொல்லும். பட்டியல் வரம்பைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். வெட்டு அங்கே விழுகிறது. பிறகு வரி மற்றும் நிதி நிலைக்குழு, அடுத்து மன்றம்.

அந்த வெட்டில் தப்பிப்பவை மூன்று வகை. ஏற்கெனவே பாதி முடிந்த வேலை. மானியத்துக்கு மாநகராட்சி தன் பங்கைப் போட்டே ஆக வேண்டிய வேலை. அளவும் மதிப்பீடும் கையில் தயாராக இருக்கும் வேலை. முதல் இரண்டும் மக்கள் கையில் இல்லை. மூன்றாவது இருக்கிறது. "வடக்குத் தெருவுக்கு ரோடு வேண்டும்" என்ற ஒரு வரி வெட்டப்படும். "வடக்குத் தெரு, 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், கடைசியாகப் போட்ட ஆண்டு இது, குடிநீர்க் குழாய் வேலை முடிந்தது" என்று எழுதியது நிற்கும்.

மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 மார்ச் வரைக்கு வகுத்த விதியையும் சேர்த்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவிடக்கூடிய பணம். அதில் பாதி துப்புரவு, திடக்கழிவுக்கு, பாதி குடிநீருக்கு. இந்தப் பகுதியில் உங்கள் மன்றத்தால் "எங்களுக்குப் பூங்காதான் முக்கியம்" என்று சொல்லவே முடியவில்லை.

விளக்கா, வடிகாலா, ரோடா? எதை முதலில் செய்வது என்பதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா, அல்லது செல்வாக்கு உள்ளவர் தெருவுக்குத்தானா?
— வாசகர், கோயம்புத்தூர்

செல்வாக்கு இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கணக்கு உண்டு. அதைத் தெரிந்து கேட்கிறவர்களைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். சேவைக்குச் சேவை கணக்கு மாறும்.

தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். 150 வாட் சோடியம் விளக்கு, சோக்கோடு சேர்த்து சுமார் 170 வாட் இழுக்கும். தினம் 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 4,015 மணி நேரம், ஏறத்தாழ 680 யூனிட். அதே இடத்தில் 60 வாட் எல்இடி போட்டால் 240 யூனிட். ஒரு கம்பத்துக்கு 440 யூனிட் மிச்சம், ஆயிரம் கம்பத்துக்கு ஆண்டுக்கு 4.4 லட்சம் யூனிட். ஒருமுறை மூலதனச் செலவு செய்தால் ஒவ்வோர் ஆண்டும் வருவாய்ச் செலவு குறைகிறது. இப்படித் தன் செலவைத் தானே மீட்டுத்தரும் வேலை மிகக் குறைவு என்பதால், விளக்கு மாற்றும் திட்டம் எந்த ஊரிலும் சீக்கிரம் நிதி வாங்கிவிடும். கெடுவது எங்கே என்றால், ஒப்பந்தத்தில் உத்தரவாதக் காலத்தையும் பழுது நீக்க எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதாமல் விடும்போது. எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் போய்விடும், விளக்கு இருந்தும் தெரு இருட்டாகும்.

ரோட்டுக்குக் கணக்கு வேறு. முன் சொன்ன 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத் தெருவில் 30 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார்க்கலவை போட 30 கன மீட்டர், அதாவது சுமார் 70 டன் வேண்டும். சில லாரி லோடுதான், ஒரே நாளில் போட்டுவிடலாம். ஆனால் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால், மூன்று முறைக்குள் ரோடு 9 சென்டிமீட்டர் ஏறிவிடும். வாசல் படி ஒன்று மண்ணுக்குள் போன வீடுகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மழைத் தண்ணீர் ரோட்டிலிருந்து வடிகாலுக்குப் போகாமல் வீட்டுக்குள் வருவது அதனால்தான். மதிப்பீட்டில் "மில்லிங்", அதாவது பழைய மேற்பரப்பைச் சுரண்டும் வேலை, என்ற இனம் இருக்கிறதா என்று பாருங்கள். செலவைக் குறைக்க முதலில் எடுத்துவிடுவது அதைத்தான்.

ரோட்டுக்கு முன்னுரிமை தரும் வரிசையில் முதல் கேள்வி, தெரு எவ்வளவு மோசம் என்பது அல்ல. அடியில் வேலை பாக்கி இருக்கிறதா என்பது. பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கேபிள் எல்லாம் முடியாமல் தார் போட்டால் ஆறு மாதத்தில் வெட்டுவார்கள். வெட்டுக்கு உரிய கட்டணத்தை அந்தத் துறை கட்டிவிடும். ஆனால் வெட்டிய குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்பாமல் மேலே ஜல்லி தூவி விட்டால் முதல் மழையிலேயே உள்வாங்கும்.

வடிகால்தான் மிகச் சிக்கலானது. அடுத்த கேள்வியும் அதைப் பற்றியே.

எங்கள் பகுதியில் புது மழைநீர் வடிகால் கட்டினார்கள். தண்ணீர் முன்பைவிட அதிக நேரம் நிற்கிறது. பணம் வீண்தானே?
— வாசகி, வேளச்சேரி

தெருவில் தொடங்கி வெளியேற்றத்தை நோக்கிக் கட்டியிருந்தால் இப்படி ஆகும். வடிகாலுக்கு முன்னுரிமை கடைவாயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்: முதலில் தண்ணீர் போய்ச் சேரும் கால்வாய் அல்லது சதுப்பு நிலம், அடுத்து அதில் விழும் பெரிய வடிகால், கடைசியில் தெரு வடிகால். வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போயாக வேண்டும். சென்னை தட்டையான ஊர், கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயரமில்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் 500 மீட்டர் ஓடினால் அரை மீட்டர் இறக்கம் வேண்டும். போய் விழும் கால்வாயில் மண் மேடிட்டு, அதன் நீர்மட்டம் உங்கள் வடிகாலின் அடித்தளத்தைவிட உயர்ந்திருந்தால் தண்ணீர் திரும்பி உங்கள் தெருவுக்கே வரும்.

பட்ஜெட் இங்கே ஏன் தடுமாறுகிறது என்றால், தெரு வடிகால் மாநகராட்சிக் கணக்கு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நீர்வளத்துறையின் கணக்கு. ஒரு துறை பணம் ஒதுக்கிக் கட்டி முடிக்கும்போது மற்றது தூர்வார ஒதுக்கியிருக்காது. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அமைத்த குழு வந்த பின்னரே சென்னையில் வடிநிலம் வாரியாகப் பார்க்கும் பழக்கம் வலுத்தது.

பணம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டோம். இணைப்பு விடுபட்ட இடத்தைக் கண்டுபிடித்தால் 20, 30 மீட்டர் கட்டினாலே வடிகால் உயிர்பெறும் இடங்கள் உண்டு. உங்கள் தெரு வடிகால் எந்தச் சந்திப்பில் எதில் விழுகிறது, அங்கே அடித்தள மட்டம் என்ன என்பதை மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். வண்டல் தேங்கும் தொட்டிகளை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் சுத்தம் செய்ய இந்த ஆண்டு தனியே தொகை வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கட்டுவதற்குக் கோடிகள் வாங்கிவிட்டு, அள்ளுவதற்கு லட்சங்களை மறுப்பதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி.

ஏரியா சபைக்குப் போனால் ஏதாவது நடக்குமா? போய் என்ன பேசுவது?
— வாசகர், தாம்பரம்

போங்கள். தமிழ்நாட்டில் வார்டு குழுவும், ஏரியா சபை என்று நீங்கள் சொல்லும் பகுதி சபையும் 2022-இல் விதிகள் வந்து நடைமுறைக்கு வந்தவை. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் உங்கள் தாம்பரம் மாநகராட்சியில்தான், பம்மலில் நடந்தது. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரியும். சபை தேவைகளை வரிசைப்படுத்தி வார்டு குழுவுக்கு அனுப்பும், கவுன்சிலர் வார்டு குழுவின் தலைவர்.

அங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, புகாரையும் கோரிக்கையையும் கலப்பது. விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்பது புகார். சென்னையில் 1913-க்கு அழைத்து எண் வாங்க வேண்டியது. அதைச் சபையில் பேசி நேரத்தைக் கழித்தால் பட்ஜெட்டுக்குப் போக வேண்டிய வேலை பதிவாகாது. ஆனால் அந்தப் புகார் எண்களைச் சேர்த்து வையுங்கள். ஒரே மேன்ஹோல் ஓராண்டில் பன்னிரண்டு முறை பொங்கியது என்று பன்னிரண்டு எண்களோடு எழுதிக்கொடுத்தால், அது பழுதுபார்ப்பில் தீராது, குழாயை மாற்றும் மூலதன வேலை வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

கோரிக்கைத் தாளில் இடம், எந்த வீட்டிலிருந்து எதுவரை, நீள அகலம், பயன்படும் வீடுகளின் எண்ணிக்கை, அருகில் பள்ளியோ ஆரம்ப சுகாதார நிலையமோ இருந்தால் அது, இடம் யாருக்குச் சொந்தம் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். கோயில் நிலம், ரயில்வே நிலம், மனைப்பிரிவில் மாநகராட்சிக்கு எழுதித்தராத சாலை என்றால் மதிப்பீடு போடவே முடியாது. பாதிக் கோரிக்கைகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். ஒரே கூட்டத்தில் பதினைந்து கேட்காமல் மூன்று கேளுங்கள், எது முதல் என்று நீங்களே எண் போடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இதெல்லாம் அக்டோபர், நவம்பருக்குள் நடந்தால் அடுத்த பட்ஜெட்டுக்குப் பொருந்தும். ஜனவரியில் கேட்டது பெரும்பாலும் அதற்கடுத்த ஆண்டுக்குத்தான்.

புனே மாநகராட்சி 2006 முதலே தனி வேலைக்கு 5 லட்சம் ரூபாய் உச்சவரம்பு வைத்து மக்களிடம் படிவத்தில் யோசனை வாங்கி பட்ஜெட்டில் சேர்க்கிறது. நடைபாதை, பேருந்து நிழற்குடை போன்ற சிறிய வேலைகளுக்கு அது பொருத்தமான முறை. நம் ஊர்களிலும் பகுதி சபைக்கென்று ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்தால்தான் கூட்டத்துக்கு ஆள் வருவார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கவுன்சிலர் நிதி என்பது என்ன, அதில் எதைக் கேட்கலாம்?
— வாசகி, அண்ணா நகர்

சென்னையில் 2025–26 பட்ஜெட்டில் வார்டு மேம்பாட்டு நிதியை 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்த்தினார்கள். 200 வார்டுக்கு 120 கோடி. மொத்த பட்ஜெட்டில் இது சிறு துண்டு. உயர்கோபுர விளக்கு, பள்ளிக்கு மேசை நாற்காலி, சிறு பூங்காவின் வேலி, விடுபட்ட வடிகால் இணைப்பு மாதிரி வேலைகளுக்குச் சரி. இதிலும் மதிப்பீடு, டெண்டர் உண்டு, கவுன்சிலர் கையில் ரொக்கமாக வருவதில்லை. செலவாகாத தொகையோடு மார்ச் முடியும் வார்டுகள் உண்டு, ஆகவே டிசம்பரில் மீதி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

சொத்து வரியை 2022-இல் ஏற்றினார்கள், பிறகும் ஏற்றினார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?
— வாசகர், சேலம்

2022 ஏப்ரலில் வந்த உயர்வு, கட்டடத்தின் அளவையும் பயன்பாட்டையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் சீராய்வு நடக்காமல், 2018-இல் செய்ததையும் அடுத்த ஆண்டே நிறுத்திவைத்ததால், எல்லாம் ஒரே அடியாக விழுந்தது. 15-ஆவது நிதிக்குழுவும் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி வசூலைக் கூட்டினால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டிருந்தது. சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் மக்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கட்டும் பணத்தோடு நூலக வரியாகப் பத்து சதவீதமும் சேர்ந்து வசூலாகிறது, அது நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. மற்றது பொது நிதியில் சேர்ந்து முன் சொன்ன வரிசையில் செலவாகிறது. உங்கள் வார்டில் வசூலான வரி உங்கள் வார்டிலேயே செலவாக வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் கடைத்தெரு உள்ள வார்டு பளிங்காகும், குடிசைப் பகுதி வார்டுக்குக் கழிப்பறைகூட மிஞ்சாது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

அம்மா உணவகம் நஷ்டத்தில் ஓடுகிறது. அந்தப் பணத்தில் ரோடு போடலாமே?
— வாசகர், திருச்சி

2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். விற்ற விலையில் செலவு அடையாது என்பது தொடங்கும்போதே தெரிந்ததுதான். அதை நஷ்டம் என்று எழுதுவதே தவறான கணக்கு. பூங்காவும் தெருவிளக்கும்கூட வரவு தருவதில்லை. நகர்ப்புற வறுமை ஒழிப்பு என்பது அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்குக் குறித்த 18 பணிகளில் ஒன்று. மூட்டை தூக்குகிறவருக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கும் அந்தச் சாப்பாடு ரோட்டைவிட அவசரமானது.

கேட்க வேண்டியது வேறு: அரசு மருத்துவமனை வாசலிலும் சந்தை அருகிலும் உள்ள உணவகத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், ஆளில்லாத இடத்தில் எத்தனை பேர் என்று இடம்வாரியாகக் கணக்கு வருகிறதா? கிரைண்டர் பழுதானால் யார் சரிசெய்வது என்பதற்கு ஒதுக்கீடு இருக்கிறதா? மூட வேண்டுமென்றால் இடத்தை மாற்றுங்கள், தலைப்பை மூடாதீர்கள்.

பட்ஜெட்டில் அறிவித்த வேலை இரண்டு வருடமாக நடக்கவில்லை. யாரைக் கேட்பது, எதை வைத்துக் கேட்பது?
— வாசகர், தஞ்சாவூர்

அறிவிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஆறு படிகள்: மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை. தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பணி ஆணைக்கு இரண்டரை, மூன்று மாதம் ஆகும். ஏப்ரல் முதல் வாரத்தில் மதிப்பீடு தயாராக இல்லாவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். அக்டோபரில் மழை, தார் போட முடியாது. ஜனவரிக்குத் தள்ளிப்போகும். நிதியாண்டு முடிவதற்குள் எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் போடுவதால் கலவை ஆலையிலிருந்து லாரி வருவதற்குள் சூடு குறைந்து, ரோலர் உருட்டினாலும் இறுகாமல் போகிறது. தேர்தல் ஆண்டில் இன்னும் மோசம்: 2024-இல் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடத்தை விதிகள் இருந்ததால் புதிய டெண்டர் எதுவும் நகரவில்லை.

எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். மன்றத் தீர்மான எண்ணும் நாளும், நிர்வாக அனுமதி நகல், பணி ஆணை நகல், மதிப்பீட்டு நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். வேலை முடிந்ததாகச் சொன்னால் எம்.புக் என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்களைக் கேளுங்கள். அதில் தேதிவாரியாக நீளம், அகலம், கனம் எழுதியிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து பார்க்கலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது இன்னொன்று உண்டு. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று நெடுவரிசை இருக்கும்: சென்ற ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. எல்லோரும் மூன்றாவதைப் படிக்கிறார்கள். நீங்கள் பழைய ஆண்டின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வடிகால் பராமரிப்பு" என்று போன ஆண்டு 10 ரூபாய் ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 6 ஆக்கி, இந்த ஆண்டு மறுபடி 12 என்று எழுதியிருந்தால், அந்த 12-ஐ நம்பாதீர்கள். 6-ஐ வைத்துக்கொண்டு போய், மீதி 4 எந்தத் தலைப்புக்குப் போனது என்று கவுன்சிலரிடம் மன்றக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அந்தக் கேள்வி ஏறிவிட்டால், அடுத்த ஆண்டு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினர் வரும்போது அவர்கள் கண்ணிலும் படும்.